பட்டம் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை

செரீனாவைத் தெரியாத ஆக்கள் குறைவு. அல்தியா கிப்சனை எத்தனை பேருக்குத் தெரியும்?

1927இல் தென் கரோலினாவில், பருத்தி விதைத்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது நியூயோர்க்கின் ஹார்லெமில். டென்னிஸ் கழகங்கள் கறுப்பர்களை உள்ளே விடாத காலம். 1950இல் முன்னாள் சம்பியன் அலிஸ் மார்பிள் இதைக் கண்டித்து ஒரு சஞ்சிகையில் எழுதினார். அதே வருடம் அமெரிக்கத் தேசியப் போட்டியில் அல்தியா ஆடினார். அங்கே ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1956இல் பிரெஞ்சுப் பட்டம். 1957இல் விம்பிள்டன், பரிசைக் கையில் குடுத்தது எலிசபெத் மகாராணி. நியூயோர்க்கில் ஊர்வலம் வைத்து வரவேற்றார்கள். ஆனால் அப்ப அது அமெச்சூர் விளையாட்டு, பரிசுப்பணம் ஒரு சதமும் இல்லை. 1968இல் பணம் வந்தபோது அவருக்கு வயது 40 கடந்துவிட்டது.

1990களில் நோயும் வறுமையுமாகக் கிடந்த அல்தியா, அஞ்சலா பக்ஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். 1956 விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை இவரோடு சேர்ந்து வென்ற ஆங்கிலேயப் பெண். யூதர் எண்டு கழகங்கள் ஒதுக்கினதைப் பக்ஸ்டனும் அனுபவித்தவர். அவர்தான் ஓடித்திரிந்து உதவி சேர்த்தார். 2003இல் அல்தியா இறந்தார்.

கதவு திறந்தது எண்டு நாங்கள் கொண்டாடிவிட்டுப் போயிடுறம். உள்ளே போனவர் பிறகு என்ன சாப்பிட்டார் எண்டு கேட்கிறதில்லை.