மெரினா மணல் வந்த வழி

நம் ஹாஸ்டலில் இருந்த யாருக்கும் மெரினாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சனிக்கிழமை மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, நாலு மணிக்குக் கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயிலைப் பிடிப்போம். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் காந்தி சிலைவரை ஒரு நடை. அங்கிருந்து உழைப்பாளர் சிலைவரை இன்னொரு நடை. கையில் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல்.

எல்லாம் அந்தக் காற்றுக்காகத்தான்! வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிவிடும், கடல் மெல்லத்தான் சூடாகும். நிலத்தின்மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடிவரும். படித்த பாடம்தான். ஆனால் சட்டை பலூன் மாதிரி உப்பி, சுண்டல் பொட்டலம் கையைவிட்டுப் பறக்கும்போது பாடமா ஞாபகத்துக்கு வரும்?

அப்படி ஒரு மாலையில்தான் என் வகுப்புத் தோழன் அதைச் சொன்னான். அவன் டே ஸ்காலர். திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பையன். மணலை ஒரு கை அள்ளிக் காற்றில் விட்டபடி, "மச்சான், இது எங்க ஊருக்கு வந்திருக்க வேண்டிய மணலுடா" என்றான். நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "எங்க ஆயா வீடு எங்க இருந்துச்சு தெரியுமா? இப்ப படகு நிக்கிற தண்ணியில" என்றான்.

அவன் சொன்னது கதை இல்லை, சரித்திரம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

விவேகானந்தர் இல்லத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1842இல் அதைக் கட்டியது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்துவைக்க. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். உருகும் சரக்கை இறக்கி வைக்கக் கட்டிய அந்தக் கட்டடம் அன்று கடலோரத்தில் இருந்தது. இன்று அதன் வாசலில் நின்றால் ரோடு, நடைபாதை, அதற்கப்புறம் ஒரு மைதானம்போல் மணல், பிறகுதான் அலை. இத்தனை மணலும் எங்கிருந்து வந்தது?

பதில் வடக்கே இருக்கிறது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுகள் அலையில் தத்தளித்தபடி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். இந்தக் கஷ்டம் தீர 1876இல் துறைமுக வேலையைத் தொடங்கினார்கள். கடலுக்குள் இரண்டு கல் அணைகள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள்.

நம் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த வழியில் குறுக்கே ஒரு சுவர் கட்டினால் என்ன ஆகும்? தெற்கே மணல் சேரும். வடக்கே, அலை அள்ளிப்போகும் மணலை ஈடுகட்டப் புது மணல் வராது, கரை தேயும். தெற்கே சேர்ந்தது மெரினா. வடக்கே தேய்ந்தது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டியும் நீளும் கரை. இன்று அங்கே நடக்கப்போனால் காலடியில் மணல் அல்ல. கொட்டிவைத்த கருங்கல்லும் தூண்டில் வளைவுகளும்தான்.

அப்படி அகன்றுவந்த கரையில்தான் 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டார். சிசிலித் தீவின் நினைவில் மெரினா என்று பெயரும் வைத்தார்.

பின்னால் வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நம் கணிதமேதை ராமானுஜன் 1912இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது துறைமுகத்தின் தலைவராக இருந்த அதே ஸ்பிரிங், கிழக்கு வாசலில் மணல் அடைப்பதைப் பார்த்து அதை மூடி வடகிழக்கில் வாசல் திறந்தார். சென்னைக் கரையில் மணல் நகர்வதைப் பற்றி 1913இல் ஒரு கட்டுரையும் எழுதினார். ஆக, மணல் நடக்கும் விஷயம் நம் தொழிலுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும்.

இதில் நம் கல்லூரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நம் கல்லூரி 1920இல்தான் கிண்டிக்கு வந்தது. அதற்குமுன் சேப்பாக்கத்தில், நவாபின் கலச மகாலில், கடலைப் பார்த்தபடி நடந்தது. வருஷா வருஷம் கடல் தள்ளிப்போவதை நம் மூத்த மாணவர்கள் கண்ணெதிரே பார்த்திருப்பார்கள்.

கலங்கரை விளக்கத்தை 1977இல் திறந்தார்கள். நாங்கள் படித்த காலத்தில் மேலே ஏற அனுமதி இல்லை. 1991இல் பொதுமக்களுக்கு மூடியதை 2013இல்தான் மறுபடி திறந்தார்கள். அப்போது அந்தத் தோழனையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலே காற்று ஆளையே தள்ளியது. கீழே அகலமாக மணல், தூரத்தில் வடக்கே துறைமுகத்துக் கிரேன்கள். பாடப்புத்தகப் படம் அப்படியே கண்முன்னால்! அவன் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். ஒன்றும் பேசவில்லை.

எனக்கும் பேச வாய் வரவில்லை. காரணத்தை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருஷம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்னப் படகுத்துறைத் திட்டம். மணல் ஓட்டத்தைக் குறைந்தது ஒரு முழு வருஷம், இரண்டு பருவக்காற்றிலும் அளக்கவேண்டும். "டைம் இல்லப்பா, ஒரு சீசன் போதும்" என்றார்கள். போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலைக்குப் புதுசு, வாயைத் திறக்கவில்லை. அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. பிறகு ஒருமுறை அங்கே போனேன். துறைக்கு வடக்கே வலை காயப்போடும் இடம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒரு பெரியவர், "சாரு எஞ்சினீயரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

1876இல் கட்டியவர்களைக் குறைசொல்ல நான் யார்? துறைமுகம் இல்லாமல் இந்த நகரம் இப்படி வளர்ந்திருக்காது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்த நமக்கு, தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லும் வசதி கிடையாது.

கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் சேதமானது, பிறகு சீர்செய்தார்கள். இப்போது அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. நம் முன்னோர் கட்டக் கற்றுக்கொண்ட இடத்தில், கட்டியவர்களிடம் இப்போது கணக்குக் கேட்கிறார்கள். பொருத்தம்தானே!

ரீயூனியனுக்கு வரும் நண்பர்களே, சாயங்காலம் வழக்கம்போல் மெரினாவுக்குப் போவோம்; காற்று அப்படியேதான் இருக்கிறது. மறுநாள் காலையில் திருவொற்றியூர்ப் பக்கமும் ஒரு நடை போய்வருவோம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் கட்டாயம் வாருங்கள். வழிகாட்ட என் தோழன் ரெடி. அவன் ஆயா வீடு இருந்த இடத்தைக் கரையில் நின்றபடியே கைநீட்டிக் காட்டுவான்.