அட்டை இருக்கிறது, டாக்டர் எங்கே? - கம்பம் பள்ளத்தாக்கும் கர்ப்பகாலக் காப்பீடும்

காப்பீடு என்றால் என்ன? பி.காம் படிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்றிருக்கும் ஒரு நஷ்டத்தைப் பலர் சேர்ந்து பகிர்ந்து கொள்வதுதான் காப்பீடு. தீ விபத்து, கப்பல் மூழ்குவது, திடீர் மாரடைப்பு எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். ஆனால் கர்ப்பம்? அது விபத்தும் இல்லை, நோயும் இல்லை. அதனால்தான் 1986-ல் நம் நாட்டில் மெடிக்ளைம் பாலிசி வந்தபோது மகப்பேறு அதற்கு வெளியே நின்றது.

இந்தச் சின்ன விஷயத்திலிருந்துதான் எங்கள் தேனி மாவட்டத்தின் ஒரு பெரிய பிரச்சினை தொடங்குகிறது.

கூடலூரிலோ சின்னமனூரிலோ ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் ஏதோ சந்தேகம் என்று வைத்துக் கொள்வோம். "ஃபீட்டல் மெடிசின் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அதாவது தாயையும் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் சேர்த்துப் பார்க்கும் தனி நிபுணர். குடும்பத்தார் முதலில் தேடி எடுப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத்தான். "இந்தக் கார்டை எடுத்துக்கிற டாக்டர் யாரு?" என்று ஊர் ஊராய் விசாரிக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் ஏன் சுலபமாகக் கிடைப்பதில்லை? அதற்குக் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

வயிற்றுக்குள் இருப்பவரும் ஒரு நோயாளி

இந்த மருத்துவத் துறைக்கே வயது அதிகம் இல்லை. கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒலிக் கருவியின் தத்துவத்தைக் கொண்டு, கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயான் டொனால்டு 1958-ல் கருவின் படத்தை வெளியிட்டார். 1963-ல் நியூசிலாந்தில் வில்லியம் லைலி, ரத்த வகை ஒவ்வாமையால் சாகும் நிலையில் இருந்த ஒரு கருவுக்குத் தாயின் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்றினார். அன்றுதான் கரு ஒரு "நோயாளி" ஆனது!

நம் பகுதிக்கு ஸ்கேன் கருவி வந்த கதையில் கசப்பும் கலந்திருக்கிறது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. பக்கத்து உசிலம்பட்டியில் நடந்த பெண் சிசுக் கொலைகளைப் பற்றி 1986-ல் இந்தியா டுடே எழுத, நாடே அதிர்ந்தது. பிறகு ஸ்கேன் பரவியபோது, பிறக்கும் முன்பே பெண் குழந்தையை அழிக்க அதுவும் ஒரு வழியானது. எனவே 1994-ல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது, 2003-ல் கடுமையாக்கப்பட்டது. கருவியைப் பதிவு செய்ய வேண்டும், கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். தேவையான சட்டம், மறுக்க முடியாது. ஆக, ஒரு கருவி இங்கே இரண்டு முகங்களோடு வந்தது. ஒரு முகம் குழந்தையைக் காக்கும், மறு முகத்தைச் சட்டம் காவல் காக்க வேண்டியிருந்தது.

தாய்மார் உயிரைக் காத்தது எது?

2001-03 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. அதே காலத்தில் இந்திய சராசரி 97. இந்தச் சாதனை காப்பீட்டு அட்டையால் வந்ததா? இல்லை என்பதே என் வாதம்.

1990-களின் நடுவிலிருந்தே ஒவ்வொரு தாயின் மரணத்தையும் "ஏன் நடந்தது?" என்று விசாரிக்கும் வழக்கம் இங்கே வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்சுகளை முறைவைத்து நியமித்து 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். 2004 முதல் சீமாங் மையங்கள் வந்தன. மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம் ஆகிய நான்கும் இரவு பகலாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2006-ல் 6,000, 2011-ல் 12,000, பிறகு 18,000 ரூபாய் என்று உயர்ந்தது. 1996-ல் தனி மாவட்டமான தேனிக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன் சிக்கலான பிரசவம் என்றால் மதுரை பெரியாஸ்பத்திரிதான். கம்பத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல்!

இவை எல்லாம் அரசு நேரடியாகச் சம்பளம் கொடுத்து, ஆளை நியமித்து, கட்டடம் கட்டிச் செய்தவை. யாரும் கார்டு கேட்கவில்லை.

காப்பீடு வந்த கதை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இதய அறுவை, சிறுநீரகம், புற்றுநோய் என்று எத்தனையோ ஏழைகளுக்கு இது உயிர் கொடுத்திருக்கிறது.

ஆனால் திட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று விலை குறித்த பட்டியல் அது. பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம். ஃபீட்டல் மெடிசின் டாக்டரின் வேலையோ முக்கால்வாசி வெளிநோயாளிப் பிரிவில் நடக்கிறது. அரை மணி நேரம் பொறுமையாக ஸ்கேன் பார்ப்பது, விளக்கிச் சொல்வது, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. கத்தி எடுத்தால் விலை உண்டு, கண்ணால் பார்த்தால் விலை குறைவு அல்லது இல்லை. இந்தத் துறையில் தனிப்பயிற்சி பெற்றவர்களும் சென்னை போன்ற பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். அட்டை பணம் தரும், டாக்டரை உருவாக்காது!

இன்னொரு பொதுக் காப்பீடும் இருக்கிறது. 1948-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த இ.எஸ்.ஐ. அது வெளிநோயாளி சிகிச்சையையும் சேர்த்துத் தருகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் மில்லில் இ.எஸ்.ஐ. பதிவோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது கிடைக்கும். கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்குக் கிடைக்காது. விடியற்காலை ஜீப் ஏறிக் குமுளி தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவரின் நிலை இன்னும் சிக்கல். வேலை கேரளாவில், அட்டை தமிழ்நாட்டில். பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தையே தாங்குகிற இவர்களுக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவு என்பது வேதனை.

காலம்தான் இங்கே மூலதனம்

இதில் தாமதம் ஏன் ஆபத்து? குறைபாடுகளைக் காட்டும் ஸ்கேன் பொதுவாக 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகு மருத்துவக் குழுவின் முடிவு தேவை. கார்டு எடுக்கும் டாக்டரைத் தேடி மூன்று வாரம் அலைந்தால், பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய காலமே கரைந்து விடுகிறது. குழந்தையைக் காப்பாற்றத் திட்டமிடும் வாய்ப்பும் அதோடு போகிறது.

எனவே தனியார் வரவேற்பறையில் அட்டையை நீட்டுவதற்கு முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நாள். 2016 முதல் மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் சிறப்பு டாக்டர் பார்க்கும் மத்தியத் திட்டமும் உண்டு. அங்கிருந்து க.விலக்குக்கோ மதுரைக்கோ எழுத்தில் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். அந்த வழியில் ஸ்கேனுக்கும் ஆலோசனைக்கும் அட்டை தேவையில்லை. பெரிய சிகிச்சைக்காகச் சேர வேண்டி வந்தால் அப்போது அட்டை கை கொடுக்கும்.

நம் கோரிக்கையும் அதற்கேற்ப மாற வேண்டும். "கார்டை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதோடு நிற்காமல், சீமாங்கின் அந்த நால்வர் அணியில் ஐந்தாவதாகக் கருவைப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டரையும் மாவட்டத்துக்கு ஒருவராவது நியமியுங்கள் என்று கேட்க வேண்டும். 2004-ல் மயக்க டாக்டரைக் கூட இரவில் தேடித்தான் அலைந்தோம். நியமித்தார்கள், மரணம் குறைந்தது. அதே தமிழ்நாடுதானே இது?