பாட்டில்லாத படம்

பொட்டிப்புரம் போன்ற சிற்றூர்களில் ஒரு காலத்தில், மாலையானதும் கீற்றுக் கொட்டகையின் ஒலிபெருக்கி திரைப்பாட்டை முழங்கும். அதைக் கேட்டே மக்கள் படம் காணப் புறப்படுவர். 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் தொட்டு, பாட்டே தமிழ்ப் படத்தின் உயிராக இருந்தது.

அந்நிலையில், 1954 ஏப்ரலில் ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' என்னும் படத்தை வெளியிட்டது. அதில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. இயக்கியவரோ வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர்! இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் ஒரு வானொலிப் பொறியாளர் சுடப்பட்டு இறக்கிறார். கொன்றவர் யார்? ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கின்றனர். நாட்டைக் காட்டிக்கொடுத்த அப்பொறியாளராகச் சிவாஜி கணேசன் நடித்தார்.

பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாந்தனர்; படம் தோற்றது. ஆயினும், மத்திய அரசின் தகுதிச் சான்று அதற்குக் கிடைத்தது. பிற்காலத்தில் ஆய்வாளரும் இயக்குநரும் அதனைத் தமிழ்த் திரையின் மைல்கல் எனப் போற்றினர்.

படம் மாறவில்லை, பார்ப்போரின் பழக்கமே மாறிற்று. ஆகவே, புதியது ஒன்றைக் காணும்போது, "இதில் என்ன இல்லை?" என்று கேட்குமுன், "என்ன இருக்கிறது?" என்று கேட்போமாக.