சோம்பலல்ல, ஏலாமை

களனி கங்கை கடலோடு கலக்குமிடம் முகத்துவாரம். ஊரின் பெயரே அதைச் சொல்லிவிடும். ஆற்றுக்கு அக்கரையில் பேலியகொடை மீன்சந்தை. 2020 ஒக்டோபரில் அச்சந்தையில் கொரோனா பரவியது. அதே மாதத்தில் முகத்துவாரத்துக்கும் மட்டக்குளிக்கும் ஊரடங்கு வந்தது. அந்நாட்களில் நானும் காய்ச்சலில் விழுந்தேன். இரண்டு கிழமையில் காய்ச்சல் விட்டது. களைப்பு விடவில்லை.

குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் சாயவேண்டும். ஒருநாள் சந்திவரை நடந்தால் அடுத்த இரண்டு நாளும் எழும்ப முடியாது. எவ்வளவு தூங்கினாலும் தூங்கிய சுகமில்லை. வாசித்த பக்கம் மனதில் நில்லாது. சோதித்த வைத்தியர் ஒருவர் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார். அதை வீட்டார் சோம்பல் என்று விளங்கிக்கொண்டார்கள். மடியின்மைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். களைத்தவனைக் குற்றவாளியாகப் பார்ப்பது நமக்குச் சுலபம்.

அந்தச் சொல் தந்த வேதனைதான் இந்நோயின் வரலாற்றைத் தேடவைத்தது. தேடியபோது, நம்பப்படாமல் போனவர்களின் நீண்ட வரிசையொன்றைக் கண்டேன்.

1934இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பெரிய வைத்தியசாலையில் ஊழியர் 198 பேர் நோயுற்றனர். பெரும்பாலோர் தாதியர். 1955 ஜூலையில் லண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையில் இதையொத்த நோய் பரவியது. ஊழியர் 292 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒக்டோபர்வரை வைத்தியசாலையை மூடவேண்டியதாயிற்று. தசைவலியும் தளர்ச்சியும் பலரை மாதக்கணக்கில் வாட்டின.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1970இல், மனநோய் மருத்துவர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, அது கூட்டு மனப்பிராந்தி என்று எழுதினார்கள். நோயுற்றோரில் பெண்களே அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. நோயாளரை நேரில் சோதியாமலே எழுதப்பட்ட அத்தீர்ப்பின் நிழல் நெடுங்காலம் நீண்டது.

1988இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு 'நாட்பட்ட களைப்பு நோய்' என்று பெயரிட்டார்கள். பெயரே பகையாயிற்று. களைப்பு யாருக்குத்தான் இல்லை என்றது உலகம். உடலை நாளுக்குநாள் கூடுதலாக வருத்தினால் தேறலாம் என்ற ஆலோசனை பரவியது. பலர் அதனால் இன்னும் நலிந்ததாகச் சொன்னார்கள். 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, சிறு உழைப்புக்குப் பின்னும் உடல் மோசமாவதே இந்நோயின் முக்கிய அடையாளம் என்றது. 2021இல் பிரித்தானியாவின் வழிகாட்டி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைக் கைவிட்டது. நோயாளர் சொன்னதை ஏடு ஒப்புக்கொள்ள இத்தனை காலம் சென்றது.

இது மேல்நாட்டாரின் செல்வ நோய் என்று சொல்வாரும் உண்டு. நெடுங்களைப்பும் மனச்சோர்வும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று கொழும்பு மாவட்டத்து இரட்டையரிடையே நடத்திய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. களைப்பு நம்மிடமும் உண்டு. அதைச் சொல்ல நமக்குத்தான் கூச்சம்.

அடியோடு மாற்றும் மருந்து இதற்கு இன்னும் இல்லை. எனக்கு வழி காட்டியது அயலிலுள்ள வயோதிப மீனவர் ஒருவரின் வார்த்தை. "தம்பி, போறதுக்கு மட்டும் எண்ணெய் அளந்து எடுக்கிறவன் கரைக்கு வரமாட்டான்" என்றார் அவர். அன்றிலிருந்து என் பலத்தை அளந்தே செலவிடுகிறேன். நடக்கும் நாளில் எழுதுவதில்லை. எழுதும் நாளில் விருந்தினரை அழைப்பதில்லை. களைப்பு வந்தபின் அல்ல, வருமுன்பே இளைப்பாறுகிறேன். முழுச்சுகம் வரவில்லை. ஆனால், கட்டிலோடு கிடந்த நான் இப்போது மாலையில் கடற்கரைவரை போய்த் திரும்புகிறேன்.

நேயர்களே, நம் பேச்சுவழக்கில் ஒரு சொல் உண்டு. "உடம்புக்கு ஏலாது" என்கிறோம். அதில் குற்றச்சாட்டு இல்லை, வெட்கமும் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், சோதனைத்தாளைப் பார்க்குமுன் அவரை நம்புங்கள். எனக்குப் பாதி பலம் தந்தது, பிந்தியேனும் வீட்டார் என்னை நம்பியதுதான்.