கரிசல் வயலும் மருத்துவக் கல்வியும்

கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகின்றது. கரிசல் மானாவாரிக்கு ஏற்ற பருத்தியும் சோளமும் எவை என ஆராய்வது அதன் பணி. புது விதையையும் பழைய விதையையும் அருகருகே விதைத்து, விளைச்சலை ஒப்பிட்ட பின்னரே உழவர்க்குப் பரிந்துரைப்பது வேளாண் ஆராய்ச்சியின் மரபு. ஆனால், வளமான பாத்தி ஒன்றுக்கும் வறண்ட பாத்தி மற்றொன்றுக்கும் வாய்த்துவிட்டால் முடிவு பிழைபடும் அன்றோ? ஆதலின், எந்தப் பாத்தியில் எதை விதைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும் என்று 1920-களில் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் வகுத்துக் கூறினார்.

வயலில் வளர்ந்த இம்முறை, 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் வாயிலாக மருத்துவத்தில் வேரூன்றியது. அடுத்த பத்தாண்டிற்குள் தமிழகத்திற்கும் வந்தது.

அந்நாளில் காசநோயாளிக்குச் சானடோரியமே கதி என்று மருத்துவ உலகம் நம்பியது. படுக்கைகளோ போதா. குடும்பத் தலைவன் ஓராண்டு பிரிந்து சென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏறத்தாழ 200 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. இரு சாரார்க்கும் மருந்து ஒன்றே. ஒரு சாரார் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு சாரார் நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தோரும் பெரும்பாலும் அவர்களைப் போலவே குணமடைந்தனர். அதனால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. பெரியோர் சொல்லை மட்டும் நம்பியிருந்தால், எத்தனை குடும்பங்கள் வீணே பிரிந்திருக்கும்!

சான்று பிறந்தால் மட்டும் போதாது. நோயாளியின் அருகே நிற்கும் மருத்துவரை அது எட்ட வேண்டும். முன்னாளில் பெருநகர் நூலகங்களில் அடைபட்டிருந்த ஆய்வேடுகளைக் கணிப்பொறி இன்று மாணவர் கைக்குக் கொணர்ந்துள்ளது. பாடம் நோயாளி ஒருவரின் நிலையைத் திரையில் காட்டுகின்றது. மாணவர் வினாவை வகுத்து, ஆய்வைத் தேடி, பிரிவுகள் குலுக்கலால் அமைந்தனவா, இடையில் விலகியோர் எத்தனை பேர் என்று சோதிக்கின்றார்.

இக்கல்வி முறையும் சோதனைக்குத் தப்பவில்லை. பர்மிங்காமில் மாணவரைக் குலுக்கலால் பிரித்து, ஒரு சாரார்க்கு விரிவுரையாகவும் மறு சாரார்க்குக் கணிப்பொறி வாயிலாகவும் இதே பாடத்தைக் கற்பித்தனர். அடைந்த அறிவில் வேற்றுமை இல்லை என்பது 2008-இல் வெளியான முடிவு. சானடோரியத்திற்கு வீடு ஈடானது போல, விரிவுரை மண்டபத்திற்குக் கணிப்பொறியும் ஈடாயிற்று. 2000-இல் தொடங்கிய தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி போன்ற தென்கோடிக் கல்லூரிகளுக்கு இது நற்செய்தியே.

எனினும், நாள்தோறும் மருந்துண்ண அந்தக் கரிசல் காட்டுக் கூலித் தாயால் இயலுமா என்பதை எந்திரம் அறியாது. அதை அவள் வாயிலாகவே கேட்டறிதல் வேண்டும். சான்றைத் தேடும் கண்ணும், நோயாளியைக் கேட்கும் செவியும் ஒருங்கே வாய்த்தவரே நல்ல மருத்துவர்.