சோழவரத்துக்குக் கார் எப்படிப் போனது?

சோழவரம் பந்தயங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். யார் ஜெயித்தார்கள், எந்தக் கார் எவ்வளவு வேகம், எத்தனை ஆயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள் என்றெல்லாம். எனக்கு இருக்கிற கேள்வி வேறே. லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டிலே ஓட்டவே கூடாத ஒரு காரை பெங்களூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சோழவரம் வரைக்கும் எப்படிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத் தளம் அது. போர் முடிந்து விமானங்கள் போனபிறகு மிச்சமிருந்த ஓடுபாதையில் 1950களில் பந்தயம் தொடங்கியது. நடத்தியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். நிரந்தரக் கட்டடமோ, காரை நிறுத்திவைக்க கராஜோ கிடையாது. பந்தயத்துக்கு வரவேண்டும், ஓட்டவேண்டும், திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும். ஆகவே காரைக் கொண்டுவருவதும் பந்தயத்தில் ஒரு பாதி.

ஆரம்ப காலத்தில் இது பெரிய சிக்கலாக இல்லை. ஓட்டப்பட்டவை பெரும்பாலும் வீட்டுக் கார்கள்தான். ஃபியட் 1100, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அம்பாசடர். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே வருவது, ஹப் கேப்பைக் கழற்றுவது, ஹெட்லைட் கண்ணாடிமேல் டேப் ஒட்டுவது, பந்தயம் ஓட்டுவது, டேப்பைப் பிரித்துவிட்டு அதே காரில் வீடு போய்ச் சேருவது. உலகம் முழுக்க அமெச்சூர் பந்தயம் அப்படித்தான் தொடங்கியது. திரும்பிப் போவதற்கும் அதே கார்தான் என்பதால், எஞ்சினைக் கொஞ்சம் பார்த்துத்தான் மிதித்திருப்பார்கள்.

சிக்கல் தொடங்குவது ஃபார்முலா வகை ஒற்றை இருக்கைக் கார்கள் வந்தபிறகு. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பந்தயக் கார்கள் சோழவரத்தில் ஓடின. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்கே ஓட்டியிருக்கிறார். இன்னொரு பக்கம் உள்ளூரிலேயே பந்தயக் கார் கட்டுகிறவர்கள் வந்தார்கள். அதில் முக்கியமானவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதிதான், சாதாரண வசதி உள்ளவரும் ஒற்றை இருக்கைக் கார் ஓட்டலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியதும் ஃபார்முலா மாருதியில்தான்.

இந்தக் கார்களைச் சாலையில் ஓட்ட முடியாது. தரையிலிருந்து நாலு விரல் உயரம். நம்ம ஊர் வேகத்தடை ஒன்று போதும், அடிப்பாகம் போய்விடும். கயிறு கட்டி இழுப்பதும் நடக்காத காரியம். ஒன்று லாரியில் ஏற்றவேண்டும், இல்லையென்றால் டிரெய்லர்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. பணக்காரப் பதில், ஏழைப் பதில் என்று இரண்டு. பணக்காரப் பதிலுக்கு உதாரணம் மெர்சிடிஸ் பென்ஸ் 1955-இல் ஓட்டிய நீல நிற டிரான்ஸ்போர்ட்டர். 300 எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் போட்டு, முதுகில் ஒரு பந்தயக் காரைச் சுமந்துகொண்டு சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ‘நீல அதிசயம்’ என்று பட்டப்பெயர். ஏழைப் பதில், இங்கிலாந்தில் போருக்குப் பிறகு வந்த 500 சிசி குட்டிப் பந்தயக் கார்கள். அவற்றை எளிமையான இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி வீட்டுக் காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

சரி, இதையே இங்கே செய்தால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பாசடரின் எடை சுமார் 1150 கிலோ. 1489 சிசி, ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் பின்னால் மாட்டாதே என்பது இங்கிலாந்தில் புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்லும் கட்டைவிரல் விதி. அப்படிப் பார்த்தால் அம்பாசடர் இழுக்கக்கூடியது சுமார் 980 கிலோ, டிரெய்லரையும் சேர்த்து. ஃபியட் 1100 ஒன்றே கிட்டத்தட்ட 900 கிலோ. மீதி 80 கிலோவுக்குள் டிரெய்லர் செய்யவேண்டும் என்றால் மூங்கிலில்தான் செய்யவேண்டும்!

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்தக் காலத்து வீட்டுக் காரால் இன்னொரு வீட்டுக் காரை இழுக்க முடியாது. இழுக்க முடிந்ததெல்லாம் எடை குறைந்த பந்தயக் கார் மட்டும்தான். அதுவும் டிரெய்லர் இலேசாக இருந்தால்தான். தரை முழுக்க செக்கர்டு பிளேட் அடித்த டிரெய்லர் என்றால் அதுவே 500 கிலோ தாண்டிவிடும். சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டு தடம் வைத்து நடுவே வெறுமையாக விட்டால் 250, 300 கிலோவில் முடிக்கலாம். டிரெய்லரில் கூட்டுகிற ஒவ்வொரு கிலோவும் காரில் குறைக்கவேண்டிய கிலோ.

இப்போது ஒடுகத்தூருக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் டிரெய்லர் என்றால் டிராக்டர் டிரெய்லர். அதற்கு முன்னால் மாட்டு வண்டி. உண்மையில் இரண்டு சக்கர டிரெய்லரின் அறிவியல் மொத்தமும் மாட்டு வண்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வரும் வயசானவர்களிடம் ‘முன்பாரம், பின்பாரம்’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள், விலாவாரியாகச் சொல்வார்கள். பாரம் பின்னால் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்துப் புண்ணாகும். ஆவாரம் பட்டையோ, நெல்லோ, மண்டிக்குப் போகும் தோலோ, எதை ஏற்றினாலும் நுகத்தடி கழுத்தில் லேசாக உட்காரும்படி ஏற்றுவதுதான் வண்டிக்காரரின் கைத்திறன்.

டிரெய்லர் புத்தகங்களில் இதற்குப் பெயர் ‘நோஸ் வெயிட்’. மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியின்மேல் உட்காரவேண்டும் என்பார்கள். எடையின் மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஒரு வேகத்துக்குமேல் டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிசாகும். மென்பொருள் ஆட்களுக்குச் சொல்வதென்றால், டேம்பிங் எதிர்மறையாகப் போன சிஸ்டம். ஸ்டீரிங்கைத் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும். சட்டென்று பிரேக் அடித்தால் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடும். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது ஒன்றுதான் வழி. மாடு என்றால் தானே நின்றுவிடும், காருக்கு அந்தப் புத்தி கிடையாது.

இதில் சுவாரசியம் என்னவென்றால், ஹெரால்டு போல எஞ்சின் முன்னால் உள்ள காரை நேராக ஏற்றினாலே முன்பாரம் கிடைத்துவிடும். ஃபார்முலா மாருதியில் எஞ்சின் பின்னால். அதே டிரெய்லரில் அதே இடத்தில் நிறுத்தினால் பின்பாரம். காரை இன்னும் முன்னே தள்ளி நிறுத்தவேண்டும், அல்லது பின்பக்கமாக ஏற்றவேண்டும். கார் மாறும்போதெல்லாம் நிறுத்தும் இடமும் மாறும்.

மாட்டு வண்டியைப் பற்றிப் பேசும்போது என். எஸ். ராமசாமியைக் குறிப்பிடாமல் விட முடியாது. ஐஐஎம் பெங்களூரின் முதல் இயக்குநர். நாடே கம்ப்யூட்டர், ராக்கெட் என்று பேச ஆரம்பித்த காலத்தில் இவர் மாட்டு வண்டியின் வடிவத்தைச் சீர்திருத்தவேண்டும் என்று பிடிவாதமாகப் பேசிக்கொண்டிருந்தார். மரச் சக்கரத்துக்குப் பதில் காற்றடைத்த டயர், உராய்வு குறைந்த பேரிங், கழுத்தைப் புண்ணாக்காத நுகம். சிலர் சிரித்தார்கள். என்னைக் கேட்டால், இந்தியாவில் இலேசான இழுவை வண்டியை ஒரு பொறியியல் பிரச்சனையாக எடுத்துக்கொண்டு யோசித்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

அப்படியானால் கார் டிரெய்லர் இங்கே ஏன் பரவவில்லை? காரின் பலம் ஒரு காரணம், மேலே பார்த்தோம். சட்டம் இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் விளக்கத்திலேயே ‘மோட்டார் வாகனம்’ என்பதில் டிரெய்லரும் அடக்கம். எஞ்சின் இல்லாவிட்டாலும் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வருஷத்தில் நாலு நாள் உபயோகிக்கும் இரும்புச் சட்டத்துக்காக யார் அலைவார்கள்? வாடகை லாரி கிடைக்கும், ஏற்றி இறக்க ஆள் கிடைப்பார்கள், கதை முடிந்தது. மூன்றாவது காரணம்தான் பெரியது என்று நினைக்கிறேன். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் வந்தது. டயர் நிறுவனங்கள் நடத்தும் போட்டிகள் வளர்ந்தன. கார்களை ஒரே இடத்தில் வைத்துப் பராமரிப்பார்கள், ஓட்டுநர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும். 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் கரிவர்தன் பெயரிலேயே ஓடுதளம் திறந்தபோது, சொந்தக் காரைத் தானே இழுத்துவரும் ஓட்டுநர் அபூர்வமாகிவிட்டிருந்தார். பந்தயம் ஒழுங்காயிற்று, பாதுகாப்பும் கூடிற்று. ஆனால் வீட்டு ஷெட்டில் கார் கட்டி, தானே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிற வழக்கம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

இதையெல்லாம் நான் தோண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். 500 கிலோவுக்குள் முடித்துவிடுவேன் என்கிறார். ஆம்பூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை அதே நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். டிரெய்லர் எப்படி வாங்குவது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

டயரைப் பார்த்துத்தான் டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். 145/80 ஆர்12 டயரில் 74 என்ற லோடு எண் இருக்கும். அதன் பொருள் ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்பது. இரண்டு டயருக்கு 750. கார் 500, டிரெய்லர் 250 என்றால் விளிம்பில் நிற்கிறது, ஸ்டெப்னியும் டூல் பெட்டியும் வைக்க இடமில்லை. அதே 12 அங்குலத்தில் டாடா ஏஸ் வகை லோடு டயர் போட்டால் நிம்மதி. பள்ளிகொண்டா பக்கம் ராத்திரி பஞ்சரானாலும் மாற்று கிடைக்கும். வெளிநாட்டு டிரெய்லர்களில் வரும் 10 அங்குலச் சக்கரம் பார்க்க அழகு, ஆனால் இங்கே டயர் தேடி அலையவேண்டும். சக்கரம் சின்னதாக ஆக அதிகச் சுற்று சுற்றும், பேரிங்கும் அதிகம் சூடாகும்.

பிரேக்? ஐரோப்பாவில் 750 கிலோ வரைதான் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அனுமதி. நம் ஊர் வகைப்பாட்டிலும் 750 கிலோ ஒரு எல்லைக்கோடு. அந்த எல்லையை உரசுகிற டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் வைத்துவிடுவது நல்லது. இழுக்கும் வண்டி வேகம் குறைந்தால் பின்னால் வருவது முன்னே தள்ளும், அந்தத் தள்ளுதலே பிரேக்கைப் பிடிக்கும்.

பராமரிப்பில் ஒரு விசித்திரம். டிரெய்லர் ஓடிக் கெடுவதில்லை, நின்றே கெடுகிறது. டயரின் பட்டன் தேயாது, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு விழும். டயரில் அச்சடித்திருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறேழு வருஷம் தாண்டினால் புதுசு போலத் தெரிந்தாலும் மாற்றிவிடவேண்டும். நிழலில், ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினால் இன்னும் நல்லது. லைட் எரியவில்லையென்றால் பத்தில் ஒன்பது முறை எர்த் வயர் துரு. கொக்கிச் சங்கிலி இரண்டும் குறுக்காகப் போகட்டும். கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலிமேல் விழும்.

வருஷத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு வைக்கவேண்டும். மழையில் ஓடியிருந்தால் உடனே. கிளம்பி இருபது கிலோமீட்டரில் ஒருதரம் நிறுத்தி, ஹப்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போகலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். வண்டிக்காரர்களும் சந்தைக்குக் கிளம்புமுன் வண்டி மை போட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள்.