தவளைத் தொட்டியில் நீர் கலங்கல்

செடிகள் நட்ட சிறு கண்ணாடித் தொட்டியில் நீர்த்தவளைகளை வளர்க்கும்போது, நீர் தெளிவிழந்து பால்போலவோ பச்சையாகவோ பழுப்பாகவோ மாறுவதை நீர் கலங்கல் என்பர். இது தனியொரு நோயன்று. வெவ்வேறு காரணங்களால் வருவது. காரணத்துக்கேற்பத் தீர்வும் மாறும். ஆகவே எந்த மருந்தையும் ஊற்றுவதற்கு முன் கலங்கலின் வகையை அறிய வேண்டும்.

இத்தகைய தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படுவது ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை. பிப்பிடே குடும்பத்தின் ஹைமெனோகைரஸ் பேரினத்தைச் சேர்ந்த இதன் தாயகம் காங்கோ ஆற்றுப் படுகையும் அதையொட்டிய ஆப்பிரிக்கப் பகுதிகளும் ஆகும். வளர்ந்த தவளையின் உடல் சுமார் 3–4 செ.மீ. நீளமிருக்கும். நான்கு பாதங்களிலும் விரலிடைச் சவ்வு உண்டு, நாக்கு கிடையாது. நீரிலேயே வாழ்ந்தாலும் நுரையீரலால்தான் மூச்சுவிடும். இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் நகத்தவளையின் முன்பாதங்களில் சவ்வு இராது. அது 10 செ.மீ.க்கு மேலும் வளர்ந்து, சிறு தொட்டியின் நீரை விரைவில் கெடுத்துவிடும்.

வகையறிதல்

தொட்டி நீரைக் கண்ணாடி டம்ளரில் முகந்து, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் நிறம் விளங்கும். அதை ஓரிரவு அசையாமல் வைக்க வேண்டும். காலையில் அடியில் வண்டல் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் அது மண் தூசி. சரளையை நன்றாகக் கழுவாமல் இட்டாலோ, செடியைப் பிடுங்கி நட்டாலோ இப்படி ஆகும், ஃபில்டரே சரிசெய்துவிடும். தேநீர் நிறத்தில், ஆனால் ஊடுருவிப் பார்க்கும்படி இருந்தால் மரக்கட்டையிலிருந்தோ நாட்டு வாதுமைச் சருகிலிருந்தோ இறங்கிய டானின். அதனால் தவளைக்குத் தீங்கில்லை. பச்சையாகவே நின்றால் மிதக்கும் நுண்பாசி. படியாமல் வெண்மையாகவே நின்றால் பெரும்பாலும் பாக்டீரியாப் பெருக்கம்.

வெண் கலங்கல்

அதிகம் காணப்படுவதும் அதிகம் கவலைப்பட வேண்டியதும் இதுதான். நீரில் கரைந்த உயிர்க்கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகுவதால் நீர் பால்போல் ஆகிறது. அந்தக் கழிவுக்குத் தவளைத் தொட்டியில் முதல் காரணம் மிச்ச உணவு. குட்டைத் தவளைக்குப் பார்வை மந்தம்; மோப்பத்தாலும் நீரின் அசைவாலும் இரையைத் தேடும். பக்கத்தில் விழுந்த புழுவைக் கண்டுபிடிக்கவே சில நிமிடம் ஆகலாம். அதற்குள் துணுக்குகள் சரளைக்குள் இறங்கி அழுகத் தொடங்கிவிடும். உறைந்த ரத்தப்புழுவை உருக்கி, அதன் சாற்றை வடித்துவிட்டு, அடியில் வைத்த அகல்விளக்கு போன்ற சிறு மண்தட்டில் இடுவது நல்ல வழி. அரைமணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். வளர்ந்த தவளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு போதும்.

செடிகளும் பங்களிக்கும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டி போன்ற செடிகள், புதிதாக நட்டதும் இலைகளைக் கரையவிடுவதுண்டு. அந்த இலைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். வேர் உயிரோடிருந்தால் மறுபடி துளிர்க்கும். அனுபியாஸின் கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். சத்து மண் இட்ட புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் அம்மோனியா கசியக்கூடும்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் நிலைபெறப் பொதுவாக 4–6 வாரம் ஆகும். வெண் கலங்கல் பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான் வரும். சில நாளில் தானாகத் தெளிவதும் உண்டு. ஆனால் தவளை வளர்ப்பவர் ஏமாறும் இடம் இதுவே. ஆக்சிஜன் குறைந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றை மூச்சுக்கு நம்பும் தவளையிடம் அந்த எச்சரிக்கை கிடைக்காது. அம்மோனியாவோ அதன் மெல்லிய தோலை நேரே தாக்கும். எனவே கண்ணை மட்டும் நம்பாமல், பரிசோதனைக் கரைசலால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்க வேண்டும். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் பங்கு நீரை மாற்றி, மறுநாளும் அளக்க வேண்டும். புதுநீர் குளோரின் நீக்கப்பட்டதாகவும் தொட்டி நீரின் வெப்பநிலையை ஒட்டியதாகவும் இருப்பது கட்டாயம். குளோரமின் கலந்த நீரை வாளியில் பிடித்து வைப்பதால் மட்டும் அது நீங்காது. அதற்குரிய நீக்கி வேண்டும்.

ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் பயனுள்ள பாக்டீரியா மடிந்து கலங்கல் திரும்பும். எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து போடலாம்.

பச்சைக் கலங்கல்

ஜன்னல் வெயிலும் நெடுநேர விளக்கும் காரணம். விளக்கை 6–8 மணி நேரமாகக் குறைத்து, விரைந்து வளரும் மிதவைச் செடிகளைச் சேர்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மூன்று நாள் துணியால் மூடி வைத்துப் பிறகு நீர் மாற்றலாம்.

தவிர்க்க வேண்டியவை

செம்பு கலந்த பாசிக்கொல்லியைத் தவளைத் தொட்டியில் இடவே கூடாது. குடத்து நீரைத் தெளிவிக்கும் பழக்கத்தில் படிகாரத்தையும் இடக் கூடாது. அது நீரை அமிலப்பக்கம் தள்ளும். நீர் தெளிந்தாலும் அழுகல் அடியில் அப்படியே இருக்கும்.

அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை 300-க்கும் மேற்பட்டோரை, குறிப்பாகச் சிறுவர்களைப் பாதித்த சால்மொனெல்லா தொற்று, இந்தக் குட்டைத் தவளைகளோடு தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. ஆகவே தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை நீர்வழியாகவும் பரவும் என்பதால், வடித்த நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.